பண்டாரவளையாரின் புல்லும் என் கோழிகளும்

"பிள்ளை! இஞ்ச ஓடி வாரும்! உம்மட ராசாத்தி கிணறு வெட்டுறா!"

நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். திருவலையை அப்படியே போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினேன்.

மாமா புல்லின் நடுவில் நின்றார். இடுப்பில் சாரம், மேலே வெறும் உடம்பு, கையில் மடக்கிய குடை. குடையை வாள் மாதிரி நீட்டிப் பிடித்திருந்தார். அவருக்கு முன்னால் என் பேட்டுக்கோழி ராசாத்தி. ஒரு காலால் ஒரு இழுவை, மற்றக் காலால் ஒரு இழுவை, பிறகு ஓரடி பின்வாங்கித் தலையைச் சரித்து ஒரு பார்வை. அவள் இழுத்த ஒவ்வொரு இழுவைக்கும் அறுகம்புல் வேரோடு பறந்துபோய் மாமாவின் பாதத்தில் விழுந்தது.

"சூ!" என்றார் மாமா.

ராசாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தான் தோண்டிய குழிக்குள் இறங்கி, செட்டையை விரித்து, மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு சுகமாகக் கண்ணை மூடினாள்.

மாமா குடையைப் படார் என்று விரித்தார். ராசாத்தி அலறிக்கொண்டு வேலிக்கு மேலால் பறந்தாள். மற்றப் பேடுகள் மூன்றும் கிணற்றடிக்கு ஓடின. ஓடாமல் நின்றது சேவல் மட்டும்தான். அது கறுப்புக் குடையை ஒரு நிமிடம் அளந்து பார்த்தது. பிறகு கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. குடைத்துணி கிழிந்த சத்தம் எனக்கு வாசல் வரை கேட்டது.

கிழிசலுக்குள்ளால் மாமாவின் முகம் தெரிந்தது.

"இண்டைக்கு ஒரு முடிவு தெரிய வேணும்," என்றார். "இந்த வீட்டிலை ஒண்டில் புல்லு, இல்லாட்டில் கோழி."

"அப்ப புல்லைக் கேட்டுப் பாருங்கோ மாமா, முட்டை இடுமோ எண்டு."

வாய் தவறி வந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. தேங்காய் திருவும்போதே யோசித்து வைத்திருந்த வசனம் அது.

அன்றோடு எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

புல் வந்த வழி

போன கிழமை இந்தப் பத்தியில் மாமாவின் புல்லைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போனேன். வாசகி ஒருவர் தொலைபேசி எடுத்து, "புங்குடுதீவிலை புல்லுத்தரையோ? உப்புத் தண்ணியிலை புல்லு வளர்த்தவையோ? பொய் எழுதாதேங்கோ அக்கா," என்று சண்டை பிடித்தார். ஆகவே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

என் கணவரின் தகப்பன் பெயர் கணபதிப்பிள்ளை. இறுப்பிட்டியில் கணபதிப்பிள்ளை என்று விசாரித்தால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பண்டாரவளையார் என்று கேட்டால் நேரே எங்கள் படலைக்குக் கூட்டி வருவார்கள். தெற்கே எந்த ஊரில் ஒருவர் கடை வைத்தாரோ, அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்வது எங்கள் தீவின் வழக்கம். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாத்தறையாரும் ஒரு பதுளையாரும் இருந்தார்கள். பதுளையாரின் மனைவி ஆனையிறவைக்கூடத் தாண்டியதில்லை. ஆனாலும் ஊருக்கு அவ பதுளையக்காதான்.

மாமா பண்டாரவளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா. அங்கே மாதாமாதம் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பங்களாவுக்கு முன்னால் கம்பளம் விரித்த மாதிரிப் புல். புல்லின் நடுவில் வெள்ளைக் கதிரை. சாமான் கொண்டுபோகிறவர் அந்தப் புல்லை மிதிக்கக்கூடாது. சுற்றிக்கொண்டு பின்பக்கக் குசினி வாசலுக்குப் போகவேண்டும். வெள்ளைத் துரை போய் உள்ளூர்த் துரை வந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை.

"அவ்வளவு வருசமும் சுத்திச் சுத்தித்தான் போனனான் பிள்ளை," என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். "ஒருக்காவும் மிதிக்கேல்லை. எப்பிடி இருக்கும் எண்டு காலுக்குத் தெரியாது."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறி ஊருக்கு வந்து சேர்ந்தார். உடம்பில் ஒரு சாரம், யாரோ கொடுத்த ஒரு பெரிய சேட்டு. மாமி அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தா. கடையைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, அப்படியே இருந்தார்.

மாரியின் முதல் மழை பெய்து மண் நனைந்ததும் எழும்பி மண்வெட்டியை எடுத்தார்.

குளக்கரையிலும் வயல் வரம்பிலும் அறுகம்புல்லைக் கொடி கொடியாகப் பிடுங்கி வந்தார். முற்றத்துக் கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, விரலிடை விட்டு நட்டார். பத்துப் பாய் விரிக்கிற அளவு இடம். ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "பண்டாரவளையாருக்குப் புல்லு வந்திட்டுது, இனி மாடுதான் வரவேணும்," என்று மாத்தறையார் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது.

மாரி போனதும்தான் உண்மையான சோதனை தொடங்கியது. எங்கள் வளவுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் தூரத்து நல்லதண்ணிக் கிணற்றில் இருந்து குடத்தில் வரவேண்டும். உவர்த் தண்ணீருக்கு அறுகு சாகாது, ஆனால் நிறையக் குடிக்கும். கோடையில் இந்தக் கிழவன் புல்லுக்குத் தண்ணி ஊத்துறார் என்று ஊர் சிரிக்கும் என்பதால் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். வாளியோடு புல்லில் நின்று குளிக்கத் தொடங்கினார். காலையில் வேலிப்பக்கம், மத்தியானம் படலைப்பக்கம், பின்னேரம் நடுவில். சவர்க்காரம் போடமாட்டார், புல்லுக்கு ஆகாது. அந்தக் கோடையில் புங்குடுதீவில் அவரைவிடச் சுத்தமான மனிதர் இருந்திருக்க மாட்டார்.

புல் பிடித்தது. வாசகிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கோழி வந்த வழி

நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனபோது புல் பச்சைப் பசேல் என்று நின்றது. கலியாணம் முடிந்த கையோடு இவர் சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமாவும்தான். இரவில் துணைக்கு அடுத்த வளவு இலட்சுமி அக்கா வந்து படுப்பா.

அந்த வீட்டில் எல்லாமே யாரோ வைத்தபடி இருந்தன. அலுமாரி மாமி வைத்த இடத்தில். கதிரைகள் மாமா வைத்த இடத்தில். சுவரில் தொங்கிய சாமிப்படங்கள்கூட எனக்கு முன்பே வந்தவை. நான் வைத்தது என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இலட்சுமி அக்கா ஒருநாள் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு கடகத்தை நீட்டினா. உள்ளே ஐந்து குஞ்சுகள்.

"இந்தா, கொண்டுபோய் வளர். உன்ர எண்டு சொல்ல ஏதாவது இருக்கட்டும்."

குஞ்சாக இருந்தவரைக்கும் மாமாவுக்கும் அவற்றில் விருப்பம்தான். கஞ்சியில் கிடந்த பருக்கையை எடுத்துப் போடுவார். வளர்ந்த பிறகுதான் வினை. நாலு பேடும் ஒரு சேவலும். ராசாத்தி, கறுப்பி, புள்ளி, நொண்டி. நொண்டிக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. நடை மட்டும் அப்படி.

சேவல் விடிய எழும்பியதும் முதல் வேலையாகப் புல்லின் நடுவுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்தி ஒரு சுற்று நடக்கும். அதைப் பார்த்து நான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "உதென்ன பேர் பிள்ளை, சேவலுக்கு?"

"புல்லிலை ஆரையும் கேளாமல் நடக்கிறார் மாமா. வேறை என்ன பேர் வைக்கிறது?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மிளகாய்த்தூளும் நகவெட்டியும்

கோழி ஏன் புல்லைக் கெடுக்கிறது என்று கேட்டால், அது புல்லைத் தின்பதால் அல்ல. நுனியைக் கொத்துவது புல்லுக்கு ஒரு சேதமுமில்லை. கிளறுவதுதான் கேடு. புழு பூச்சிக்காகக் கிளறும். அதைவிட மோசம், மண்ணில் குளிப்பதற்காகக் கிளறும். ஒரு கோழி குளித்த குழியில் மறுநாள் இன்னொன்று குளிக்கும். ஒரு கிழமையில் அந்த இடம் மொட்டை.

குடைச் சண்டைக்கு முன்பே மாமா பல வைத்தியம் பார்த்திருந்தார்.

முதலில் மிளகாய்த்தூள். குசினியில் நான் இடித்து வைத்திருந்த தூளில் பாதியைப் புல்லில் தூவினார். கோழிகளுக்கு உறைப்புத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்தும் வந்து கூழில் தேங்காய்ச்சொட்டுப் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கித் தின்றன. மாமா மட்டும் தூவிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டுக் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார். அந்தக் கிழமை முட்டைகளின் மஞ்சள் கரு முன்பைவிடச் சிவப்பாக இருந்தது. நான் அதை அவருக்குக் காட்டினேன். காட்டியிருக்கத் தேவையில்லை.

பிறகு நகவெட்டி. நகம் இல்லாவிட்டால் கிளறாது என்று ஒரு கணக்கு. துரையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு நகம் வெட்டினார். இரண்டாவது நகத்துக்குப் போகுமுன் துரை அவரின் முன்னங்கையில் தன் கணக்கைத் தீர்த்துவிட்டது.

பிறகு கயிறு. ஐந்தையும் காலில் கயிறு போட்டு வேப்ப மரத்தில் கட்டினார். அரை மணித்தியாலத்தில் ஐந்தும் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே முடிச்சாகி நின்றன. அவிழ்க்கப் போன மாமாவும் அந்த முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டார். இலட்சுமி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்களும் மேயப் போறியளோ?" என்று கேட்டா.

அதற்குப் பிறகுதான் குடை.

கசற் யுத்தம்

பேச்சு நின்ற வீட்டில் இருவர் இருப்பது லேசான காரியம் இல்லை. சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்து மூடிவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். மாமா சாப்பிட்டுவிட்டு, துரையைப் பார்த்து, "உப்புக் கூடிப்போச்சு," என்பார். நானும் துரையைப் பார்த்து, "தண்ணியே உப்பு, நான் என்ன செய்ய ஏலும்?" என்பேன். துரை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும்.

அந்த நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. லீவில் வந்து திரும்புகிறவரிடம் கொடுத்துவிட்டால் நேரே கைக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் சவூதிக்குப் புறப்படுகிறான் என்று கேள்விப்பட்டதும் மாமா ரேப் றெக்கோடரை எடுத்துக்கொண்டு முன்விறாந்தையில் இருந்தார். முதல் பக்கம் முழுவதும் அவர். மறுபக்கம் எனக்கு.

மாமா குளிக்கப் போன நேரத்தில் நான் முதல் பக்கத்தைப் போட்டுக் கேட்டேன். எதிராளி என்ன சொன்னார் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது?

"தம்பி, உன்ர மனிசி நல்ல பிள்ளை," என்று தொடங்கியிருந்தார். "சமையலும் குறை சொல்ல ஏலாது. ஆனா அவவின்ரை கோழியள்..." அந்த இடத்தில் துரை கூவியது. "சீ, போ! தம்பி, நான் சொல்ல வாறது என்னெண்டால்..." மறுபடியும் துரை. அந்தப் பக்கம் முழுக்க இப்படித்தான். மாமா ஒரு வசனம், துரை ஒரு வசனம்.

நான் மறுபக்கத்தில் சுருக்கமாகப் பேசினேன். "இஞ்சாருங்கோ, அப்பா சொன்னதைக் கேட்டிருப்பியள். எல்லாம் உண்மைதான். ஆனா இந்த வீட்டிலை எனக்கெண்டு இருக்கிறது அதுகள் மட்டும்தான். நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?" சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்று நினைத்தேன். அதற்குள் மாமா துவாயோடு வந்துவிட்டார்.

பதில் வர நாளெடுத்தது. வந்த அன்று மாமா கதிரையில் இருந்தார். நான் குசினி வாசலில் நின்றேன். இலட்சுமி அக்கா ஒரு வேலையும் இல்லாமல் வேலியோரம் நின்றா.

இவரின் குரல் வந்தது. "அப்பா சொன்னதும் கேட்டனான், நீர் சொன்னதும் கேட்டனான். இஞ்ச இருந்துகொண்டு ஆர் சரி எண்டு நான் சொல்ல ஏலாது. ஆனா ஒரு விசயம். அப்பா கதைக்கேக்கை பின்னாலை ஒரு சேவல் கூவினது எல்லே? அறையிலை நாங்கள் எட்டுப் பேர். சேவல் கூவினவுடனை எல்லாரும் கதையை நிப்பாட்டிப்போட்டாங்கள். 'அதைத் திருப்பிப் போடு மச்சான்' எண்டாங்கள். திருப்பித் திருப்பிப் போட்டம். மட்டக்களப்புப் பெடியன் ஒருத்தன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டான். இப்ப விடியவும் வேலைக்கு எழும்ப அதைத்தான் போடுறம். அடுத்த கசற்றிலை நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காட்டிலும் பரவாயில்லை, சேவலைக் கொஞ்சம் கூடக் கூவ விடுங்கோ."

மாமா கசற்றை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, துரைக்குத் தீன் போட்டாச்சோ?"

துரையிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"இல்லை மாமா. போடப் போறன்."

"கொஞ்சம் கூடப் போடும்."

மேல்மலையும் கீழ்மலையும்

கோழி நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. புல்லும் நிற்க வேண்டும். மாமா கடைக்காரர். வந்த இரண்டு வாடிக்கையாளரில் ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டார்.

இரண்டு விசயங்களை நாங்கள் கவனித்தோம். கோழியை மூடி வைக்கிற கூடையைக் கரப்பு என்போம். முன்பு ஒருநாள் நொண்டியைப் புல்லில் கரப்பால் மூடி வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள்தான். ஒரு மழைக்குப் பிறகு அந்த இடத்தில் புல் வட்டமாகக் கரும்பச்சையில் எழும்பியிருந்தது. கோழி எச்சத்தின் வேலை. ஆனால் புள்ளியை மூடிவிட்டு எடுக்க மறந்து சில நாள் விட்ட இடத்தில் வட்டமாக மொட்டை விழுந்திருந்தது.

மாமா இரண்டு வட்டத்துக்கும் நடுவில் குந்தி இருந்து வெகுநேரம் பார்த்தார். "விளங்குது. ஒரு நாள் இருந்தால் பசளை. நாலு நாள் இருந்தால் நாசம். எங்கட சொந்தக்காரர் மாதிரி," என்றார்.

இரண்டாவது, குளியல். வீட்டுக் கோடிப்பக்கத்தில் ஒரு குழி வெட்டி, குருமணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டினோம். பின்னேரத்தில் கரப்புகளைத் திறந்துவிட்டதும் ஐந்தும் புல்லைத் திரும்பிப் பார்க்காமல் அங்கே ஓடிப்போய்ப் புரண்டன. "குளிக்க இடம் இல்லாமல்தானே என்ர புல்லுக்கு வந்தவை," என்றார் மாமா. "எனக்கு அது முதலே விளங்கியிருக்க வேணும்."

பனஞ்சலாகையில் சட்டம் அடித்து, அடி இல்லாத ஒரு பெரிய கூடு செய்தார். முழங்கால் உயரம், ஒரு கட்டில் அளவு. மேலே மூடக் குறிகட்டுவானில் ஒரு மீன்பிடிகாரரிடம் பழைய வலை வாங்கி வந்தார். பகலில் கோழிகள் அதற்குள்ளே நின்று நுனியைக் கொத்தும், பூச்சி பிடிக்கும், எச்சமிடும். மறுநாள் காலையில் கூட்டைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைக்கவேண்டும். ஒரு இடத்துக்கு மறுபடி வரும்போது அங்கே புல் ஆறியிருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் பனஞ்சலாகை இரும்பு மாதிரிப் பாரம். ஒருவர் தூக்க ஏலாது.

முதல் நாள் முன்தலைப்பை மாமா பிடித்தார், பின்தலைப்பை நான் பிடித்தேன். கோழிகளும் உள்ளே சேர்ந்து நடந்தால்தான் கூடு நகரும். நாலு நடந்தன. ராசாத்தி நடுவழியில் குந்திவிட்டாள்.

"பிள்ளை, ஏன் நிக்கிறீர்?"

"நான் நிக்கேல்லை மாமா. ராசாத்தி இருந்திட்டா."

"எழும்பச் சொல்லும்."

"நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டா."

மாமா குனிந்து, கடை முதலாளிக் குரலில், "ராசாத்தி, நடவும்," என்றார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் இலட்சுமி அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அரோகரா!" என்று கத்தினா. தூரத்தில் இருந்து பார்த்தால் சாமியைத் தோளில் காவுகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

மாமாவின் முதுகு குலுங்கத் தொடங்கியது. கோபம் என்று நினைத்துப் பயந்தேன். கூட்டைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"கப்பலாலை இறங்கினதுக்குப் பிறகு இண்டைக்குத்தானடி பிள்ளை உந்த மனிசன் சிரிச்சது," என்று இலட்சுமி அக்கா பின்னேரம் எனக்கு மெல்லமாகச் சொன்னா.

அதன் பிறகு அவர் முழுத் தோட்டத் துரையாகவே மாறிவிட்டார். முற்றத்தை மேல்மலை, கீழ்மலை, ஸ்டோர்ப் பக்கம் என்று தேயிலைத் தோட்டம் மாதிரியே பிரித்தார். கறையான் புற்றைத் தவிர வேறு மேடு பள்ளம் இல்லாத தீவில் எங்கள் முற்றத்துக்கு மட்டும் இரண்டு மலை. மலைநாட்டுத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். மாமாவும் காலையில் "பெரட்டு!" என்று குரல் கொடுப்பார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து என் தலைப்பைப் பிடிப்பேன். "இண்டைக்கு எங்கை மாமா?" "கீழ்மலை."

ஹெலி வந்த காலை

ஒருநாள் மேல்மலையில் இருந்து ஸ்டோர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஹெலிகொப்டர் சத்தம். சத்தம் கேட்டு முடியுமுன் பனைகளுக்கு மேலே வந்துவிட்டது. கடற்பக்கம் சுடுகிற சத்தமும் கேட்டது.

"விட்டிட்டு ஓடும் பிள்ளை!"

"நீங்கள் முதல் விடுங்கோ!"

அவர் விட்டால் பாரம் என் காலில் விழும். நான் விட்டால் அவர் காலில். இருவரும் விடவில்லை. கூட்டோடு ஓடினோம். உள்ளே ஐந்து கோழியும் ஓடின. எங்களைவிட வேகமாக ஓடின. ராசாத்திகூட அன்று குந்தவில்லை. வேப்ப மரத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்து, கூட்டுக்குப் பக்கத்தில் இருவரும் குப்புறப் படுத்தோம். மாமா ஒரு கையால் என் தலையை மூடிப் பிடித்திருந்தார்.

சத்தம் ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

"பிள்ளை, உமக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை மாமா. உங்களுக்கு?"

அவர் வலைக்குள்ளால் கையை விட்டு எதையோ எடுத்தார். முட்டை. ஓடு இன்னும் ஈரமாக, சூடாக இருந்தது. பயத்தில் யாரோ இட்டுவிட்டிருக்கிறார்கள்.

"உவையள் எங்களைவிடப் பரவாயில்லை," என்றார். "ஓடின ஓட்டத்திலும் வேலையை முடிச்சிட்டினம்."

லீவில் வந்தவர்

அடுத்த வருடம் இவர் லீவில் வந்தார். பயணக் களைப்பு. மறுநாள் விடிய துரை யன்னலடியில் வந்து நின்று கூவியது. முதல் கூவலுக்குப் புரண்டு படுத்தார். இரண்டாவதுக்குத் தலையணையைக் காதில் வைத்தார். மூன்றாவதுக்கு எழும்பி இருந்து கத்தினார்.

"ஆராவது உதின்ரை கழுத்தைத் திருகிக் கறி வையுங்கோவன்!"

விறாந்தையில் இருந்து மாமா, "டேய் தம்பி, வாயை மூடடா!" என்றார். அதே நேரத்தில் நானும், "இஞ்சாருங்கோ, துரைக்குக் கேக்கப் போகுது!" என்றேன்.

இவர் என்னையும் பார்த்தார், விறாந்தைப் பக்கமும் பார்த்தார். "நான் போனதுக்குப் பிறகு இந்த வீட்டிலை என்ன நடந்தது?" என்று கேட்டார். கேட்கிறபோதே அவரும் சிரித்துவிட்டார். திரும்பிப் போகும்போது அவர் பெட்டியில் ஒரு முழுக் கசற் இருந்தது. இரண்டு பக்கமும் துரைதான்.

கொடிகாமம்

தொண்ணூறு தாண்டிய பிறகு ஒரு மாரியில், இராணுவம் வருகிறது என்று எங்கள் தீவு காலியானது. நாங்களும் வள்ளம் ஏறினோம். துரை அதற்கு முன்பே கிழடாகி, மரத்தடியில் ஒருநாள் படுத்தபடி போய்விட்டது. அப்போது கூட்டுக்குள் இருந்தவை ராசாத்தியின் பேத்திகள். வள்ளத்தில் மனிதருக்கே இடம் இல்லை. புறப்படுகிற அன்று மாமா கூட்டின் ஒரு தலைப்பைப் பிடித்தார், நான் மற்றத் தலைப்பைப் பிடித்தேன். தூக்கிக் கிணற்றடியில் வைத்தோம். கோழிகள் புல்லில் நின்று எங்களைப் பார்த்தன.

"கிளறுங்கோ," என்றார் மாமா. "இனி ஒருத்தரும் ஏசமாட்டினம்."

கொடிகாமத்தில் என் அம்மாவின் வீட்டில் போய் இருந்தோம். அம்மாவின் முற்றம் வெள்ளை மணல். தினமும் விடிய விளக்குமாற்றால் கோடு கோடாகக் கூட்டி வைப்பா. பிறகு அவவின் கோழிகள் வந்து அந்தக் கோடுகளை அழிக்கும். மாமா சம்பந்தி வீட்டில் கூச்சத்தோடு, ஒரு மூலையில் கதிரையைப் போட்டு இருந்தார். கதைப்பது குறைந்துவிட்டது. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் ஒன்றும் சொல்லவில்லை. கடை எரிந்து வந்தபோது இருந்ததாக ஊரில் சொன்னார்களே, அந்த இருப்பு இதுதான் என்று எனக்கு விளங்கியது. எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் காலை அம்மாவின் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன்.

அம்மா விளக்குமாற்றோடு முற்றத்தின் நடுவில் நின்றா. அவவுக்கு முன்னால் மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி இருந்தார். பக்கத்தில் ஒரு கட்டு அறுகம்புல். விரலிடை விட்டு நட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் அம்மாவின் கோழிகள் நட்டதை ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டு வந்தன.

"என்ன சம்பந்தி உது?" என்றா அம்மா. "கோழி திரியிற முத்தத்திலை புல்லு நிக்குமே?"

மாமா நிமிரவில்லை. இன்னொரு கொடியை மண்ணில் ஊன்றினார்.

"நிக்கும். நீங்கள் ஒரு தலைப்பைப் பிடிச்சால் நிக்கும்."

"என்னத்தின்ரை தலைப்பு?" அம்மா ஒன்றும் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தா.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.